தாம்பாளத்தில் இரண்டு கவர்

ஜாதகத்துக்கு மஞ்சள் தடவுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவார்கள். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு இருக்கிற கவருக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கோமதியம்மன் சன்னதியில் வைத்து, குங்குமத்தோடு வீட்டுக்கு எடுத்து வந்த ஆள் சங்கரன்கோவிலில் நெல்லைநாயகம் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கவரின் மேல் லேப் பெயரைப் பார்த்ததும் அர்ச்சகருக்குக் கை நின்றது.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லுற கவருதான் சாமி. தைரியமா அம்பாள் காலடியில வையுங்க."

ஒன்று மகள் வித்யாலட்சுமியுடையது. இன்னொன்று அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை விஜய்சங்கருடையது. இரண்டு பேரின் உடம்பிலும் போதைப் பொருள் எதுவும் இல்லை என்று சொல்லப்போகிற கவர்கள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து, தட்டு மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் பிரிப்பது என்று பேச்சு. அதற்குப் பிறகு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பார்கள்.

இது நெல்லைநாயகத்தின் யோசனை. தாலுகா ஆபீஸில் துணை வட்டாட்சியர் அவர். ஒரு மனுவை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். அவர் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஒன்றே ஒன்றுதான், தம்பி மகளுடைய கல்யாணம். கோவில்பட்டிப் பையன், இன்ஜினியர், விபூதி காயாத நெற்றி. "நான் இருக்கேன், செய்யி" என்று தம்பியிடம் சொன்னார். பையன் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கையில் ஏற்றிக்கொள்கிறவன் என்பது பிறகு தெரிந்தது. பெண் திரும்பி வந்துவிட்டாள். தம்பி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவான்.

ஆகவே வித்யாவுக்கு வரன் அமைந்தபோது, பத்துப் பொருத்தமும் பார்த்து முடிந்த பிறகு, மெல்ல இந்தப் பேச்சை எடுத்தார். தென்காசியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் மாப்பிள்ளையின் தாயார் பார்வதியம்மாள். கணவர் இல்லை. ஒரே மகன். பெங்களூரில் நல்ல வேலை.

"அப்ப பதினோராவது பொருத்தமா எம்மவன் மூத்திரத்தையும் பாக்கணும்ங்கிய, அப்படித்தானே அண்ணாச்சி?"

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. காலம் அப்படி இருக்கு."

"காலம் பையங்களுக்கு மட்டுந்தான் கெட்டுப்போச்சோ? ஒங்க மகளும் ரெண்டு வருசம் மெட்ராஸ் ஹாஸ்டல்ல இருந்தவதான."

நெல்லைநாயகத்துக்கு ரோசம் வந்தது. சந்தோஷமும் கூடவே வந்தது. தன் நேர்மையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"தாராளமா! ரெண்டு பேருக்கும் எடுப்போம். ரெண்டையும் ஒரே தாம்பாளத்துல வச்சு எல்லாரும் பாக்கப் பிரிப்போம். எம்மவள எங்க வேணாலும் வச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். உலகம்மை வாழைத்தண்டிலிருந்து நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் எப்போதும் பேச்சு குறைந்தவள். அந்த வீட்டில் பேசுகிற வேலையை அவர் ஒருவரே செய்துவிடுவார்.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுக்கு எல்லோருமாகப் போனார்கள். லேபை நடத்துகிற லிங்கேஷ் நெல்லைநாயகத்துக்குத் தெரிந்த பையன். இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு வித்யாவிடம் கேட்டான்.

"ஏதும் மருந்து மாத்திரை சாப்பிடுதியளாக்கா? இந்தப் பத்து நாளுல ஏதாவது ட்ரீட்மெண்ட்டு?"

வித்யா வாயைத் திறந்தாள். பின்னால் பார்வதியம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"அவளுக்குத் தலைவலிக்குக்கூட மாத்திரை கிடையாது," என்றார் நெல்லைநாயகம். "ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்கோ."

வித்யா வாயை மூடிக்கொண்டாள். லிங்கேஷ் 'இல்லை' என்று போட்டுக்கொண்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், இரண்டு கவர். வித்யா காப்பித் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைத்தாள். தட்டோடு கொண்டுவர வேண்டியதுதானே என்று நெல்லைநாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான் இருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் எல்லாம் செய்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொன்னால் அம்மாவைக் கூப்பிட்டாள். 'கல்யாணம் முடிவானதும் சோம்பல் வந்துட்டு பாத்தியா' என்று அவர் இரண்டு முறை கேலி செய்திருந்தார்.

விஜய்சங்கரின் கவரை நெல்லைநாயகம் பிரித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, ஒரு பட்டாவைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். எல்லாம் நெகட்டிவ். மடித்துக் கவருக்குள் போட்டு விஜய்சங்கர் கையில் கொடுத்து, "மன்னிச்சுக்கிடணும் மாப்ளே" என்றார். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து பழகி வைத்திருந்தார்.

"இருக்கட்டும் மாமா," என்று அவன் சிரித்தான்.

அடுத்த கவரைப் பார்வதியம்மாள் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் உரக்கப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு நெகட்டிவ். உலகம்மை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நெல்லைநாயகம் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இனி நாள் பார்ப்பதுதான் பாக்கி. ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருந்தது.

பார்வதியம்மாளின் குரல் நின்றது.

மறுபடி முதலிலிருந்து, இந்த முறை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையப் படித்தார். பிறகு தாளை மகனிடம் நீட்டினார்.

"சங்கர், இது என்னதுன்னு பாரு."

அவன் பார்த்தான். வித்யாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"கெட்டமைன்னு போட்டிருக்கும்மா. பாசிட்டிவ்."

"அப்படின்னா?"

"பெங்களூர்ல பார்ட்டிகள்ல… சில பேரு எடுப்பாங்க." அவன் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "போதைக்குத்தான்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு இறக்கை எதிலோ உரசும் சத்தம் அந்த வீட்டில் வருஷக்கணக்காக இருந்தது. அன்றுதான் நெல்லைநாயகம் அதைக் கேட்டார். வாயிலிருந்த பாக்கைக் கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தாளைக் கேட்டுக் கை நீட்டினார். கை நீட்டியபடியே இருந்தது. யாரும் தரவில்லை. பிறகு அவரே எழுந்து போய் வாங்கிக்கொண்டார்.

பெயர் சரியாக இருந்தது. வயது சரியாக இருந்தது. கெட்டமைன் என்ற வார்த்தைக்கு நேரே கறுப்பாக, அழுத்தமாக அச்சடித்திருந்தது. அவர் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அது மாறவில்லை.

"வித்யா."

"நான் ஒண்ணும் எடுத்ததில்லப்பா."

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அது மாட்டிக்கொண்டவளின் முகமாக இல்லை. எங்கிருந்தோ வந்த கல் மேலே விழுந்து, எறிந்தவனைத் தேடுகிற முகமாக இருந்தது. பின்னால் பல நாள் அவர் அதை நினைத்து நினைத்து வருந்தினார். அந்த நிமிஷத்தில் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவர் மனம் அதற்குள் சென்னைக்குப் போய்விட்டிருந்தது. ஹாஸ்டல். சனிக்கிழமை ராத்திரி போனை எடுக்காத ஒரு நாள். 'ஃப்ரெண்டு பர்த்டேப்பா' என்ற பதில். இரண்டு வருஷத்து மகளை ஒரு மூச்சில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு மடிப்பிலும் தேடினார்.

"கேக்குதேன்லா, சொல்லு."

"சத்தியமா இல்லப்பா."

"நல்ல வேளை அண்ணாச்சி," என்றார் பார்வதியம்மாள். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "இந்த டெஸ்ட்டு மட்டும் நீங்க சொல்லாம இருந்திருந்தா, நாங்க பாட்டுக்கு வெத்தல பாக்கு மாத்தியிருப்போம்."

அது நெல்லைநாயகத்தைக் குத்தி நிறுத்தியது. போனை எடுத்தார். லிங்கேஷைக் கூப்பிட்டார். ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே லிங்கேஷு, டப்பாவ மாத்தித் தொலச்சிட்டியா?"

"இல்ல சார். ரிசல்ட்டப் பாத்துட்டு நானே மறுபடி கேட்டேன். நாங்க அனுப்புற சென்னை லேபுல ரெண்டாந்தரமும் போட்டுப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க."

"அப்ப எம்மக போதை ஊசி போடுதாங்கியா?"

"அய்யோ, நான் அப்படிச் சொல்லலையே. சார், அது மயக்க மருந்து. ஆபரேசனுக்குப் போடுறது. சின்னச் சின்ன ஆபரேசனுக்கெல்லாம் இன்னைக்கும் அதத்தான் போடுதாங்க. அதுக்குத்தான் அன்னைக்கே ட்ரீட்மெண்ட்டு எதுவும் உண்டான்னு கேட்டேன். நீங்க இல்லைன்னிய. அக்காவுக்கு இந்த வாரத்துல ஏதும் ஆபரேசன் நடந்துச்சா?"

நெல்லைநாயகம் சிரித்தார். நிஜமாகவே சிரிப்பு வந்தது. கழுத்தில் விழுந்த கயிறு அறுந்த மாதிரி இருந்தது அவருக்கு. தப்பு லேபுடையது, வேறென்ன.

"கேட்டியளா மதினி? எம்மகளுக்கு ஆபரேசனாம்! ஊசின்னு சொன்னாலே கத்தித் தெருவக் கூட்டுறவ. ஆபரேசன் நடந்து நான் தெரியாம இருக்கேனாம். ஏ உலகு, கேட்டியா கூத்த?"

சொல்லிக்கொண்டே திரும்பினார்.

உலகம்மை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானை நுனி வாய்க்குள் இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. வித்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று புரிந்துவிட்டது. அது அவருக்குப் புரியவில்லை என்பது மட்டும்தான் அவருக்குப் புரிந்தது.

"சார்… சார், லைன்ல இருக்கியளா?" என்றது போன்.

விஜய்சங்கர்தான் கையை நீட்டி அதை அணைத்தான்.

*

அடுக்களையில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உலகம்மை பேசினாள். கூடத்துக்குக் கேட்கக் கூடாது.

"மார்ல கட்டிங்க அவளுக்கு. எடது பக்கம். பங்குனியிலயே எங்கிட்ட காட்டிட்டா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மன் மண்ணக் கொழச்சுப் போட்டேன். கரைஞ்சிரும்னு நெனச்சேன். கரையல. பெரிசாச்சு. கடையநல்லூர்ல ஒரு பொம்பள டாக்டர் இருக்காங்க, ஜெய்னப்புன்னு. எடுத்துருவோம்னாங்க. போன திங்கக்கெழம நீங்க மனு வாங்குற முகாமுக்குப் பனவடலிசத்திரம் போயிருந்தியள்லா, அன்னைக்குப் போய் எடுத்துட்டுச் சாயந்தரமே வந்துட்டோம். மரத்துப்போற ஊசிதான் போட்டாங்கன்னு நெனச்சோம். அதுல இப்படி ஒண்ணு வரும்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

உலகம்மை குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"எங்கக்கா எதுல போனா?"

உலகம்மையின் அக்கா மார்பில் கேன்சர் வந்து செத்துப்போனவள். பெண் பார்க்க வந்த அன்று பார்வதியம்மாள் குடும்பத்து வியாதி விவரம் கேட்டபோது, மஞ்சள் காமாலை என்று சொன்னது யார் என்பதும் நெல்லைநாயகத்துக்கு நினைவு வந்தது. அவர்தான் சொன்னார். அதைப் பொய் என்று அவர் அப்போது நினைக்கவில்லை. கல்யாணப் பேச்சில் எல்லோரும் சொல்வது என்று நினைத்தார்.

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னிய. அதக் கேட்டுட்டுத்தான் அவ சொன்னா, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு. தெரிஞ்சா அவங்ககிட்ட மறைக்கவும் முடியாம சொல்லவும் முடியாம அப்பா செத்துருவாங்கன்னா."

"எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கா?"

"நாளைக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லியிருக்காங்க."

நாலைந்து நாளாக அவர் ஒரு முடிவுக்காகக் காத்திருந்தார். அதே வீட்டில், அதே நாட்களில், அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டே இவர்கள் இரண்டு பேரும் இன்னொரு முடிவுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவருடைய கவருக்கு மஞ்சள் இருந்தது, அர்ச்சனை இருந்தது, ஊர்ப் பேச்சு இருந்தது. அவர்களுடையதற்கு ஒன்றுமில்லை. திறந்துவிட்ட குழாய்தான்.

"புத்துமண்ணு…" என்றார்.

பங்குனியிலிருந்து, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உலகம்மை அங்கே பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை வாங்கிவரச் சொன்னாள். பொட்டலம் பொட்டலமாக அவர் கையால்தான் வாங்கி வந்தார். முகத்துக்குப் போடுகிறாள் என்று நினைத்தார். என்னத்துக்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எந்திரிச்சிட்டாங்க போல," என்றாள் உலகம்மை. "என்ன சொல்லப் போறிய?"

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நாலு எட்டு வைத்தால் கூடம். அந்த நாலு எட்டுக்குள் அவர் மனம் என்னென்னவோ செய்தது. கட்டி என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் மகள் போதைக்காரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் மனுவில் பொய்யைத் தேடிக் கண்டுபிடித்த மனிதருக்கு, தேவைப்பட்ட நேரத்தில் ஒரு பொய் எவ்வளவு லேசாக வந்து நாக்கில் உட்கார்ந்தது என்பதுதான் அவருக்கே ஆச்சரியம்.

"ஒண்ணுமில்ல மதினி. கடவாப் பல்லு பிடுங்கியிருக்கா. எங்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு ஆத்தாளும் மகளும் சொல்லல. அதுக்குப் போட்ட ஊசியாம். நானும் ஒரு நிமிசம் ஆடிப் போயிட்டேன்."

பார்வதியம்மாளின் முகம் இளகியது. இளகத் தயாராக இருந்த முகம்தான் அது. அவருக்கும் இந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது.

"பல்லா? சவம், இதுக்குப் போயா! ஏட்டி வித்யா, இத மொதல்லயே சொல்லியிருந்தா என்னட்டி? எனக்கு நெஞ்சே நின்னுட்டு."

எல்லோரும் வித்யாவைப் பார்த்தார்கள். சுவரோரம் நின்றிருந்த அவள் தகப்பனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல இருந்தது. அவர் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"பல்லு இல்ல அத்தை," என்றாள். "மார்ல கட்டி. எடுத்தாச்சு. அது என்ன கட்டின்னு நாளைக்குத்தான் தெரியும்."

உலகம்மை உள்ளேயிருந்து "ஏட்டி" என்றாள்.

"எங்க பெரியம்மா செத்தது காமாலையில இல்ல," என்றாள் வித்யா. "அதையும் சொல்லிருதேன். நீங்க போதைக்காரின்னு நெனச்சுட்டுப் போறதும் எனக்குப் பிடிக்கல. பல்லுன்னு நெனச்சுட்டு இருக்கிறதும் பிடிக்கல."

வெளியே யாரோ தள்ளுவண்டியில் கொய்யா விற்றுக்கொண்டு போனான். அவன் தெரு முனை திரும்புகிறவரை கூவியது கேட்டது. விஜய்சங்கர் ஏதாவது சொல்வான் என்று நெல்லைநாயகம் எதிர்பார்த்தார். ஒரு வார்த்தை, எந்த வார்த்தையானாலும் சரி. அவன் தன் கவரை இரண்டாக மடித்தான். நாலாக மடித்தான். சட்டைப் பைக்குள் வைத்தான்.

பார்வதியம்மாள் உலகம்மையிடம் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒத்தப் பிள்ளை மதினி," என்றார். "வேற என்ன சொல்லுறதுன்னு தெரியல. முடிவு நல்லபடியா வரட்டும். கோமதித் தாயி பாத்துக்கிடுவா."

வாசலில் கார் கிளம்பிப் போனது. தாம்பாளத்தில் வெற்றிலை இருந்தது, பழம் இருந்தது. மூலையில் மஞ்சள் தடவிய ஒரு கவர் இருந்தது.

*

அன்று சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் நெல்லைநாயகம் வித்யாவின் அறை வாசலில் போய் நின்றார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன் இருந்தது.

"மாப்பிள்ள… விஜய்சங்கர் மெசேஜ் அனுப்பியிருக்கானா?"

"அனுப்பியிருக்காங்க. இன்னும் படிக்கல."

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

அவர் நின்றுகொண்டே இருந்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேள்வி கேட்பதுதான் அவர் உத்தியோகம். ஆனால் மகளிடம் அவர் கேள்வி கேட்டுப் பழகவில்லை. அவளுக்கு வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் பழகியிருந்தார்.

"அந்த ஊசி போட்டதும் ஒரு மாதிரி ஆயிட்டுதுப்பா," என்றாள் அவளாகவே. "ஒடம்பு கீழ கெடக்கு. நான் மேல எங்கயோ நிக்கேன். வலியும் இல்ல, பயமும் இல்ல. கீழ பாத்தா நீங்க வாசல்ல நிக்கிய. கையில அந்த மண்ணுப் பொட்டலம். உள்ள வாங்கப்பான்னு கூப்பிடுதேன். ஒங்களுக்குக் கேக்கவே இல்ல."

பின்னால் உலகம்மை வந்து நின்றிருந்தாள்.

"மயக்கம் தெளியும்போது அதத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தா," என்றாள். "அப்பாவ உள்ள வரச் சொல்லு, அப்பாவ உள்ள வரச் சொல்லுன்னு. நர்ஸுகூட வெளிய போய்த் தேடிப் பாத்துட்டு வந்தா."

நெல்லைநாயகம் காலையில் தாளைப் பார்த்தபோது இடி விழுந்தது என்று நினைத்திருந்தார். அது இடியே இல்லை என்று இப்போது தெரிந்தது.

*

மறுநாள் அவர் லீவு சொன்னார். மூன்று பேருமாகக் கடையநல்லூர் போனார்கள். பஸ்ஸில் வித்யாவின் இடது பக்கம் யாரும் இடித்துவிடாதபடி அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். உட்கார இடம் இருந்தது. உலகம்மை இரண்டு முறை சொல்லியும் உட்காரவில்லை.

சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் ஜெய்னபுக்கு நாற்பது வயது இருக்கலாம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மேஜை மேலிருந்த கவரை எடுத்தார். அதில் மஞ்சள் இல்லை. ஓரத்தில் யாரோ வைத்த காப்பித் தம்ளரின் வட்டக் கறை மட்டும் இருந்தது. தாலுகா ஆபீஸில் ஆயிரம் கவர்களைக் கிழித்த நெல்லைநாயகம் அந்தக் கவர் கிழிபடும் சத்தம் தாங்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கம் திருப்பினார்.

"சாதாரணக் கட்டிதாம்மா," என்றார். "கேன்சர் இல்ல. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வாறதுதான். ஆனா பெரியம்மாவுக்கு இருந்ததுனால வருசா வருசம் வந்து காட்டிக்கிடணும். விடக் கூடாது."

உலகம்மை சத்தமில்லாமல் அழுதாள். வித்யா மூச்சை வெளியே விட்டாள். எத்தனை மாதத்து மூச்சு அது என்று தெரியவில்லை. நெல்லைநாயகத்துக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நேற்று மரத்துப்போன ஏதோ ஒன்று இன்னும் அப்படியே இருந்தது. அவருக்கு யாரும் எந்த ஊசியும் போட்டிருக்கவில்லை.

சம்பந்தத்தையும் லேப் முடிவையும் பற்றி உலகம்மை சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆபரேசனுக்குக் கெட்டமைன் குடுத்தோம்னு ஒரு லெட்டர் தரட்டுமா சார்? லேபுலயும் காட்டலாம், மாப்பிள்ளை வீட்டுலயும் காட்டலாம்."

அவர் வித்யாவைப் பார்த்தார்.

"எதுக்குப்பா? அதுக்கும் மஞ்சள் தடவவா?" என்றாள் அவள். உதட்டில் லேசாகச் சிரிப்பு இருந்தது. அது அவரைக் குத்தவும் செய்தது, தடவிக்கொடுக்கவும் செய்தது.

"ஒன் இஷ்டம்," என்றார்.

"அப்ப குடுங்க டாக்டர். நானே வச்சுக்கிடுதேன். யாருக்குக் காட்டணும், காட்ட வேண்டாம்னு நான் பாத்துக்கிடுதேன்."

தையல் பிரிக்கிற நாளைக் குறித்துக்கொள்ள நர்ஸ் வந்தாள். கையில் புது அட்டை. அட்டையைப் பார்த்தபடியே, பழக்கத்தில், தகப்பனாரிடம்தான் கேட்டாள்.

"வேற ஏதும் மருந்து எடுத்தாங்களா? இதுக்கு முன்னால வேற வைத்தியம், நாட்டு மருந்து எதாவது?"

நெல்லைநாயகம் வாயைத் திறந்தார். 'ஒண்ணும் கிடையாது' என்பது நாக்குவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மகள் பக்கம் கையைக் காட்டினார்.

வித்யா யோசித்தாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நர்ஸ் பேனாவை அட்டை மேல் வைத்துக் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்.

"புத்துமண்ணு போட்டேன்," என்றாள் வித்யா. "பங்குனியிலேருந்து. எங்கப்பா வாங்கிக் குடுத்தது."